வின் என்று போட்டிருந்தது

‘தெரியாது’ என்பது நாலே எழுத்துதான். இருபத்து நாலு வயதில் அது என் வாயில் வரவே வராது.

அறுபதுகளில் சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். கடலூரில் முந்திரி ஏற்றுமதி செய்துவந்த என் தாய்மாமா ஒரு வைன் ரசிகர். மதுவிலக்குக் காலம். அவரும், ஒரு டாக்டரும், ரிட்டையர்டு தாசில்தார் ஒருவரும் ‘உடம்புக்கு முடியவில்லை’ என்று பர்மிட் வாங்கியிருந்தார்கள். (மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறும் நோயாளிகள்!) சும்மா குடித்தால் குடிகாரன், மோந்து பார்த்து, கண்ணை மூடிக் குடித்தால் ரசிகர்.

மாமா மகள் கோதையைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. மாமா பரீட்சை வைத்தார்.

“மாப்ள, ஞாயித்துக்கெழம எங்க கூட்டத்துக்கு நீதான் பாட்டில் எடுத்தாரணும். வைன் பத்தித் தெரியுமில்ல?”

“நல்லாத் தெரியும் மாமா.”

(எனக்குத் தெரிந்த ஒரே பாட்டில் சோடா.)

புதுச்சேரிக்கு ஓடினேன். பிரெஞ்சில் வைனை ‘வின்’ என்று எழுதுவார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். கடையில் தங்க நிற லேபிளில் அதே எழுத்துகள். பின்னால் இன்னும் சில எழுத்துகள் இருந்தன. அவை வைனின் இனிஷியல் என்று முடிவு செய்தேன். விலையும் சல்லிசு. இரண்டு பாட்டில் வாங்கினேன்.

திரும்பும்போது செக்போஸ்ட் போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்தார். முகம் கோணியது. “ஊட்ல ஊறுகா போடறாங்களா?” என்றார். ரகசிய பாஷையாக்கும் என்று நினைத்து, “ஆமா சார்” என்று கண்ணடித்தேன். விட்டுவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் மாமா மாடியில் கிளாஸ்களில் ஊற்றினார். டாக்டர் முதலில் உறிஞ்சினார். கண்ணில் நீர் முட்டியது. “ஆகா, இன்னா ஃபோர்ஸு!” என்றார்.

“மலைச்சரிவுத் திராட்சை. நாக்குல தெரியுது பாருங்க” என்றார் தாசில்தார்.

மாமா இருமி முடித்து, “பழசு. ரொம்பப் பழசு” என்றார்.

எனக்குத் தொண்டை எரிந்தது. உயர்ந்த ரசனை என்றால் எரியத்தான் செய்யும் போலிருக்கிறது என்று இன்னொரு கிளாஸ் கேட்டேன்.

வறுத்த முந்திரியோடு வந்த கோதை (கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள்) பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இது வினிகருப்பா. லேபிள்லயே போட்டிருக்கு.”

டாக்டர் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். தாசில்தார் செருப்பைத் தேடினார். மாமா என் கையைப் பிடித்து மாடி மூலைக்கு இழுத்துப் போனார். உருட்டிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

“டேய், இத வெளில சொல்லுவியா?”

“எனக்கே அவமானம் மாமா, சொல்லுவனா?”

“சொல்லுவ. ஒனக்கு வாய் ஜாஸ்தி. ஒன்ன ஊட்டோட வச்சிக்கிறதுதான் எங்க மூணு பேருக்கும் சேஃப்டி.”

தை மாதம் கல்யாணம். டாக்டரும் தாசில்தாரும் முன்வரிசையில் உட்கார்ந்து, மூன்றாவது முடிச்சு விழும் வரை என்னையே கண்காணித்தார்கள்.

இன்றைக்கும் யாராவது “லவ் மேரேஜா, பெரியவங்க பாத்து வச்சதா?” என்று கேட்டால் கோதை சொல்லுவாள்: “ரெண்டும் இல்லீங்க. இவரு வாய அடைக்கறதுக்கு என்னக் குடுத்தாங்க.”