நான்காம் கட்டத்துக் காவலாளி

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக்கட்சி. அங்கே நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் யோசிக்கலாம். போனில் நான் பாதி சொல்வதற்குள் உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டு மீதியை வேறு கதையாகச் சொல்லி முடித்துவிடுவாள். தவிர, கேட்க வந்த விஷயம் வாய்விட்டுக் கேட்கிற மாதிரியும் இல்லை. எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே பதில் போடுங்கள்.

போன மாதம் வந்திருந்தபோது, இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கேம் பெட்டியை என்னிடம் கொடுத்து நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "மாமா, எங்க கம்பெனியில இந்த கேம் இன்னும் முடியல. ஒரு நிஞ்சா கோட்டைக்குள்ள நுழைஞ்சு போகணும், அவ்வளவுதான் கதை. அதுல வர்ற காவலாளிங்க எல்லாம் நான் செஞ்சவங்க. நீங்க முப்பத்தோரு வருஷமா அந்த வேலை பாக்கறவர். விளையாடிப் பாத்துட்டு எது சரி, எது தப்புன்னு எழுதிக் குடுங்க" என்றீர்கள். மாப்பிள்ளை, வாஷ்பேசினும் கழிப்பறைப் பீங்கானும் அடுக்கி வைத்திருக்கிற ஒரு கிடங்கின் முதல் கேட்டில் முப்பத்தோரு வருஷம் நின்றவனிடம், உன் வேலையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மறைப்பானேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை. உப்பு கூடிவிட்டதோ என்று உங்கள் அத்தை குழம்பை நாலு தடவை ருசி பார்த்தாள்.

எனவே பொறுப்பாக இறங்கினேன். டூட்டி நேரத்தில் தொடவே இல்லை. மதியம் ஒரு மணி முதல் ஒன்றரை வரை, கேட் ரூமில், டிபன் டப்பாவை மூடிய பிறகுதான். கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் சுற்றிக்கொண்ட அந்த ஆள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடுகிறான், தாவுகிறான், சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறான். எல்லாம் சரி. ஆனால் இடப்பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் எதிலோ முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறான். இவன் எங்கிருந்து வருகிறான், வீட்டில் யார் யார், இந்த வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தானா என்று பார்த்துவிடலாமென்று ஓர் இடைவேளை முழுக்க இடப்பக்கமே முட்டிப் பார்த்தேன். இரண்டாம் கேட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வழி வலப்பக்கம்னு அம்புக்குறி போட்டிருக்கே, நீங்க ஏன் அந்தப் பக்கம் போறீங்க?" என்றார். அம்புக்குறி போட்டவன் எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்? முப்பத்தோரு வருஷ அனுபவம் வேறென்ன சொல்லும்?

அதைவிட அந்தக் காவலாளிகள்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தார்கள். ஆறடி நடக்கிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடி ஆறடி. பக்கத்தில் நிற்கிறவன் வெட்டுப்பட்டுப் புகையாய்ப் போகிறான், அடுத்தவன் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. காது கேட்காதா, அல்லது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா? ஷிப்ட் மாற்றிவிட யார் வருகிறார்கள்? மழை பெய்தால் எங்கே ஒதுங்குகிறார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோட்டைக்குள் என்னதான் இருக்கிறது? நான் காப்பது வாஷ்பேசின், அது எனக்குத் தெரியும். எதைக் காக்கிறோம் என்று அவர்களிடம் யாராவது சொன்னார்களா? இதையெல்லாம் ஒரு நீல அட்டை நோட்டு வாங்கி உங்களுக்காகக் குறித்து வைத்தேன். எனக்கு வேறு மாதிரி எழுதவும் வராது. நேரம் போட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டால்தான் கை ஓடும்.

வினை என்னவென்றால், எங்கள் கேட் ரிஜிஸ்டருக்கும் நீல அட்டைதான். போன வியாழக்கிழமை மதியம் நான் எழுதியது எந்த நோட்டில் என்பது மாலை நாலு மணிக்குத்தான் தெரிந்தது, அதுவும் மேனேஜருக்கு. அவர் தினமும் நாலு மணிக்கு வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். வழக்கமாகப் படிக்க மாட்டார். அன்றைக்கென்று படித்துத் தொலைத்தார். அதில் இப்படி இருந்தது: "1.10: கறுப்பு உடையணிந்த, அடையாளம் தெரியாத நபர் மதில் ஏறி உள்ளே வந்தார். அனுமதிச் சீட்டு இல்லை. 1.11: காவலாளி ஒருவர் பலி. 1.12: இன்னொரு காவலாளி பலி. மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. 1.14: மேற்படி நபர் முள் குழியில் விழுந்து இறந்தார். 1.15: மேற்படி நபர் மறுபடியும் மதில் ஏறி வந்தார். முதலில் பலியானவர் மறுபடியும் பலி. 1.30: இடைவேளை முடிந்தது. மற்றபடி அமைதி."

மேனேஜர் மூன்று கேட்டையும் பூட்டச் சொல்லிவிட்டார். சரக்கு ஏற்றிய இரண்டு லாரிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. ஒரு டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மேனேஜர் என்னிடம் ஓடி வந்து, "எத்தனை பேரு செத்தாங்க?" என்று கத்தினார். அவர் கையில் இருந்த நோட்டைப் பார்த்ததும், நம்ம கேமைப் பற்றித்தான் கேட்கிறார், இவருக்கும் இதில் ஆர்வம் இருக்கிறதே என்று எண்ணி, "முதல் கட்டத்துல நாலு பேர் சார், ரெண்டாவதுல எண்ணல" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "உசிரோட இருக்கறவங்க எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்றார். ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர் நின்றோம். மூன்றாம் கேட்டுக்காரரைக் காணோம். மனிதர் கழிப்பறைக்குப் போயிருந்தார். எங்கே பார்த்தாலும் கழிப்பறைப் பீங்கானாக அடுக்கியிருக்கிற கிடங்கில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து ரிஜிஸ்டரை இரண்டு தடவை படித்துவிட்டு, "செத்தவரே திரும்பச் செத்திருக்காரே, இது யாரோட கையெழுத்து?" என்று விசாரித்தார். நான் கேம் பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். நீங்கள் யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லவில்லையே என்ற தைரியத்தில்தான் காட்டினேன்.

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. "முப்பத்தோரு வருஷம் இருந்தவர்னு விடறேன். திங்கக்கிழமை வரைக்கும் வீட்டுல இருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாசல் வரை வந்து, "ஒரு நாள்கூட ஒரு திருடனும் வந்ததில்லன்னு பெருமையா சொல்லுவீங்களே, உண்மையிலேயே வரலையா, இல்ல வந்தது உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். மாப்பிள்ளை, அந்தக் கேள்வி என்னை அரித்துத் தின்கிறது. வருஷா வருஷம் சரக்கு சரிபார்த்தபோது ஒரு பேசின்கூடக் குறைந்ததில்லை என்பது வேறு விஷயம். யாராவது ஒருவன் சும்மா உள்ளே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பீங்கானைத் தூக்கிக்கொண்டு மதில் ஏற முடியாது என்று சும்மாவே திரும்பிப் போயிருக்கலாம் இல்லையா? எனக்குத் தெரியாமலே போயிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

இந்த யோசனையோடு வெள்ளிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து விளையாடி, நான்காம் கட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு பெரிய கேட் இருக்கிறது. அதன் முன்னால் ஒரே ஒரு காவலாளி. மற்றவர்கள் மாதிரி ஆறடி இல்லை, இவன் பதினோரு அடி நடக்கிறான். நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறான். இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தை ஒரு தடவை மேலே இழுத்துவிட்டுக்கொள்கிறான். தொண்டையைக் கனைக்கிறான். பிறகு இடது காலைக் கொஞ்சம் இழுத்துத் திரும்புகிறான். காய் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் அத்தை தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயோ, இது நீங்கதாங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, உட்கார்ந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சிரித்தாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு இருக்கிற தொப்பை எனக்குச் சாப்பிட்ட பிறகு மட்டும்தான் இருக்கும், அவனுக்குக் காலையிலிருந்தே இருக்கிறது. அவன் மீசை கீழ்நோக்கித் தொங்குகிறது, என் மீசை அப்படித் தொங்குவதாக யாரும் சொன்னதில்லை. "நான் எங்கேடி சட்டைப் பையைத் தொட்டுப் பாக்கறேன்?" என்று கேட்டுக்கொண்டே தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி இருக்கிறதா என்று. உங்கள் அத்தை மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் நீங்கள் கேட் ரூமுக்கு வந்து இரண்டு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தீர்களே, கையில் ஒரு சின்ன நோட்டோடு. மழைக்கு ஒதுங்கினீர்கள், ஆபீஸ் கணக்கு ஏதோ எழுதுகிறீர்கள் என்று நினைத்து இரண்டு டீ சொன்னேன். அன்றைக்கு நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தது என் அடிகளையா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத அது வருத்தம் என்று தெரிகிறது. வெளியே இருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு நான் அவ்வளவுதானா? பையைத் தொட்டுப் பார்த்துத் திரும்புவதற்குள் எவன் வேண்டுமானாலும் பின்னால் வந்து ஒரே வெட்டில் முடித்துவிட்டுப் போகலாம் என்றுதானே அவனை அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்? மேனேஜர் வாயால் கேட்டதை நீங்கள் படம் போட்டுக் காட்டிவிட்டீர்கள். அந்தக் கறுப்புத் துணிக்காரனை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். வெட்டுகிற பட்டனில் கட்டைவிரலை வைத்துவிட்டேன். அழுத்தக் கை வரவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அங்கேயே நிற்கிறேன். இவனுக்கு வீட்டில் யார் காத்திருக்கிறார்கள், இவனுக்கும் மகள் இருக்கிறாளா, மாப்பிள்ளை இருக்கிறாரா என்றுதான் யோசனை ஓடுகிறது.

ஆகவே என் முடிவு: அவனை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் தோட்டக்காரனாக மாற்றி, செடிக்குத் தண்ணீர் ஊற்றவிடுங்கள், யாரும் வெட்ட மாட்டார்கள். இனி இந்த கேமை நான் தொடுவதாக இல்லை, மகள் வரும்போது பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் நானே விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்தக் கடிதமும் எழுதி முடித்து மேசைமேல் இருக்கிறது. வேலை தெரிந்தவன் அந்த கேட்டில் நிற்கட்டும்.

பூட்டிய கதவு பூட்டியபடியும், வைத்த பொருள் வைத்த இடத்திலும் இருக்க, நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டு உள்ளே போய்த் திரும்புவதற்குள் உங்கள் அத்தை பெட்டியை எடுத்துவிட்டாள். "உங்களுக்குத்தானே கை வரல, எனக்கு முப்பது வருஷமா கை அரிக்குது" என்று சொல்லி வெட்டுகிற பட்டனை அழுத்தியேவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவன் விழவில்லை. திரும்பி, நிஞ்சாவின் கழுத்துத் துணியைப் பிடித்து, தள்ளிக்கொண்டே போய் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு, பழையபடி நடக்க ஆரம்பித்தான். அவள் தலைக்கு மேல் தாவிப் பார்த்தாள், அவன் நிமிர்ந்து பார்த்துப் பிடித்தான். சுவரில் ஒட்டிக்கொண்டு போனாள், சுவரோடு சேர்த்துப் பிடித்தான். சுழல்கத்தியை வீசினாள், அதைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு அவளையும் பிடித்தான். இதுவரை நாற்பத்திரண்டு தடவை. ஒரு தடவைகூட அவன் கண்ணில் படாமல் தாண்ட முடியவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியது அவளுக்குத் தெரியாது, இவ்வளவு வருஷத்தில் நான் கேட்டிராத வார்த்தைகளால் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தோட்டக்காரன் வேண்டாம். பெட்டியும் இப்போதைக்கு வராது, உங்கள் அத்தை தரமாட்டேன் என்கிறாள். விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், திங்கட்கிழமை டூட்டிக்குப் போகிறேன். இவன் இப்படி நிற்பது உங்கள் வேலையில் ஏதாவது பிழை என்றால் தயவுசெய்து திருத்தாதீர்கள். ஆம் அல்லது இல்லை என்று பதிலும் எழுத வேண்டாம். அது நான்தான்.