நாடி காக்காவின் மூன்று விரல்கள்

பிற்பகல் நாலு பத்து. மாடிப்படியின் கடைசிப் படியில் நான் கால் வைத்தபோது முதலில் தெரிந்தது ஒரு கை. புடவைக்கடை வாசலிலிருந்து அது மட்டும் நீண்டிருந்தது. ஆள் பிறகுதான் தெரிந்தார்.

கல்முனைக்குடியில் அவரைவிட அதிகம் பேருக்குக் கைகொடுத்தவர் இல்லை. அவரைவிடக் குறைந்த பேரை நம்பியவரும் இல்லை. ஊர் அவரை நாடி காக்கா என்றது; காக்கா என்றால் இங்கே அண்ணன். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

சலாம் சொல்லி இரண்டு கைகளாலும் கையைப் பிடிப்பார். வலது கை பிடித்திருக்கும், இடது கை மேலே வந்து மூடும். மூடிய கையின் மூன்று விரல்கள் மெல்ல ஊர்ந்து மணிக்கட்டின் உட்புறத்தில் போய் நிற்கும். வாய் சுகம் விசாரிக்கும். கண் மட்டும் நம் தலைக்கு மேலே எங்கோ நிலைத்திருந்தால், எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

"என்ன தம்பி, மேல என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல காக்கா. செய்தி அனுப்பிட்டு வாறன்."

"ஒண்டுமில்ல எண்டா நெஞ்சு ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

"படி இறங்கி வந்தன்."

"படி ஊரெல்லாந்தான் இறங்குது."

என் பத்திரிகை அறை அவருடைய கடைக்கு மேலே இருந்தது. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து, செங்குத்தான அந்தப் படியில் ஏறி இறங்குகிறவன் நான். அவருடைய தீர்ப்பில் நான் தினமும் எதையோ மறைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நோய் அவருக்கு எப்படி வந்தது என்பதை அவருடைய மகள் ஸிபானா எனக்குச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். நெஞ்சுவலி என்று வாப்பாவை ஒருமுறை வைத்தியரிடம் கூட்டிப் போயிருந்தாள். வைத்தியர் நாடியைப் பிடித்தபடியே, பீடி குடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் காக்கா. குடிக்கிறீர்கள் என்றார் வைத்தியர். மெல்லிய வெள்ளைச் சட்டைப் பையினூடாகப் பீடிக்கட்டு எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. காக்கா அதைக் கவனிக்கவில்லை. தன் நாடியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்ற திகைப்போடு வீடு வந்தார். நாடி பார்க்கும் முறையையும் வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார்: கொஞ்ச நேரம் ஆறியிருந்து, பிறகு மூன்று விரல் வைத்து எண்ண வேண்டும். காக்கா மூன்று விரலை மறக்கவில்லை. ஆறியிருப்பதை மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஊரில் வேகமாக நடந்தவர்கள் எல்லாரும் பொய்யர்களானார்கள். பெண்களின் கையைத் தொடமாட்டார். அவர்கள் மூச்சு வாங்கினால் போதும், துணியை இரண்டு தடவை அளப்பார்.

மீன்காரன் சைக்கிளில் வந்து நிற்பான். கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கிற மாதங்களில் அதை எதிர்த்து மிதிப்பது லேசான வேலை அல்ல. காக்கா மீனைப் பார்க்கமாட்டார், கையை நீட்டுவார்.

"இது எப்ப புடிச்ச மீன்?"

"விடியத்தான் காக்கா. செவுளப் பாருங்க, என்ன சிவப்பு."

"செவுள் கிடக்கட்டும். ஒன்ட நாடி நேத்து எண்டு சொல்லுது."

"வல்லாஹி, காத்துக்கு மிதிச்சு வாறன் காக்கா! நீங்க ஒருக்கா இந்தப் பெட்டியோட மிதிச்சுப் பாருங்க, மீனுக்கும் நாடி வரும்!"

மீன்காரன் போய்விடுவான். காக்கா வீட்டில் அன்று பருப்பு.

கொழும்பிலிருந்து குளிர்சாதன வான் வண்டியில் ஒரு துணி வியாபாரி வந்தார். வாசலிலேயே இறங்கி நேராகக் கதிரையில் அமர்ந்தவர். காக்கா கையைப் பிடித்தார். மணிக்கூடு மாதிரி நிதானமான நாடி. "இதான் மனிசன்" என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, வானில் இருந்த துணி முழுவதையும் எடுத்தார். முதல் கழுவலிலேயே சாயம் போயிற்று. வாங்கிய பெண்கள் வாளியோடு கடைக்கு வந்தார்கள். வாளித் தண்ணீர் ஊதா நிறத்தில் இருந்தது.

"நாடி என்ன சொன்ன காக்கா?" என்று கேட்டேன்.

"அவன் பொய் சொல்லல்ல தம்பி. துணிதான் பொய் சொல்லியிரிக்கி."

இதுவரை சிரித்தோம். ஸிபானாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் சிரிப்பு நின்றது. மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே எடுப்பது இந்தக் கரையின் வழக்கம். பெற்றவர்கள் வேறிடம் ஒதுங்கிக்கொள்வார்கள். மகளையும் வீட்டையும் ஒரே கையில் கொடுக்கப் போகிறவர் அந்தக் கையைக் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வந்த இரண்டு பேரை அந்த விரல்கள் வாசலோடு திருப்பி அனுப்பின. மூன்றாவதாகச் சம்மாந்துறையிலிருந்து இர்ஷாத் என்ற நில அளவையாளரின் பேச்சு வந்தபோது ஸிபானா வாய் திறந்தாள்.

"வாப்பா, எனக்கு இவரத்தான் விருப்பம். இவரயும் அனுப்பினா இனி ஒருத்தரையும் கொண்டு வராதீங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். சாட்சிக்கு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார் காக்கா. மாப்பிள்ளையின் உம்மாவும் மாமாவும் வானில் முதலில் வந்தார்கள். இர்ஷாத் வேலைத்தலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தவன், நேரம் பிந்திவிட்டான். முகம் கழுவித் தலை வாரி, துளி வியர்வை இல்லாமல் வந்து சலாம் சொன்னான். காக்கா பிடித்தார்.

"வழியில கரைச்சல் ஒண்டும் இல்லயா?"

"இல்ல மாமா. சுகமா வந்தன்."

காக்காவின் கண் அவன் தலைக்கு மேலே போய் நின்றது. நின்ற இடத்திலேயே சிறுத்தது. தேத்தண்ணி வந்தது, வட்டிலாப்பம் வந்தது. அவர்கள் வான் திரும்பியதும் காக்கா சொன்னார்: "முகம் காஞ்சிரிக்கி, நாடி பாயுது. பெரிய கள்ளன்."

மறுநாள் காலை ஸிபானா கடைக்கு வந்தாள். நேற்று வந்தவரிடம் ஏதாவது கவனித்தீர்களா என்று என்னைக் கேட்டாள். கவனித்ததைச் சொன்னேன். நகக்கண்ணில் கிரீஸ். காற்சட்டை ஓரத்தில் சங்கிலிப் பல் பதிந்த கறுப்பு. மோட்டார் சைக்கிளின் சங்கிலி அறுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை, திருத்துகிற கடைகள் மூடியிருந்திருக்கும். பக்கத்து ஊர் சாய்ந்தமருதிலிருந்தாவது தள்ளிக்கொண்டு வந்து, பள்ளிவாசல் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு நுழைந்திருக்கிறான்.

அவள் தகப்பனிடம் போனாள். "வாப்பா, இந்தத் துணிய மேல வெச்சிட்டு வாங்க."

அவர் படியேறி என் அறையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். அவள் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவரும் பழக்கத்தில் கொடுத்துவிட்டார்.

"நேத்துப் பீடி குடிச்சீங்களா?"

"இல்ல புள்ள. விட்டுப் போட்டன்தானே."

"நாடி குடிச்ச எண்டு சொல்லுது."

"படி ஏறி இறங்கினா அடிக்காதா? நீ என்ன விஞ்ஞானம் படிப்பிக்கிற?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மீன்காரனிலிருந்து நான் வரை எத்தனை பேர் அந்த நிமிடத்தில் விடுதலையானோம் என்று தெரியவில்லை. அவள் சங்கிலி அறுந்த கதையைச் சொன்னாள். "வேல செய்தா நெஞ்சு வேகமாத்தான் அடிக்கும் வாப்பா. ஆறி இரிந்தா அது தன்பாட்டில இறங்கும்."

காக்கா அவ்வளவு லேசில் தோற்கிறவர் அல்ல.

"அப்ப சுகமா வந்தன் எண்டானே? அது பொய்தானே?"

"அது மரியாதைக்குச் சொன்ன."

"மரியாதைக்கு எண்டாலும் நாடி புடிச்சிட்டுதுதானே!"

இருந்தாலும் மறுவிசாரணைக்கு ஒத்துக்கொண்டார். அடுத்த வெள்ளி அவர்கள் மறுபடி வந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரை போட்டிருந்தது.

"இரிங்க தம்பி. கதைக்காம இரிங்க. எல்லாரும் கதைக்காம இரிங்க."

எல்லாரும் இருந்தோம். அமைதி நீண்டது. துஆ தொடங்கிவிட்டது என்று நினைத்து இர்ஷாத்தின் மாமா இரண்டு கைகளையும் ஏந்தினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏந்தினார்கள். யாரோ ஆமீன் என்றார்கள். காக்கா இதையெல்லாம் பொருட்படுத்தாமல் எழுந்து போய் இர்ஷாத்தின் கையைப் பிடித்தார். கண் மேலே போனது. சற்று நேரத்தில் முகம் தளர்ந்தது. நிதானமான நாடி போலும்.

அந்த நேரம் ஸிபானா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

காக்காவின் விரல்கள் துள்ளியதை நான் பார்த்தேன். அவர் குனிந்து அந்த மணிக்கட்டைப் பார்த்தார். இர்ஷாத்தைப் பார்த்தார். அவன் பார்த்த பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார். படி இல்லை, காற்று இல்லை, சங்கிலி இல்லை. சந்தேகிக்க இடம் தேடி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

"எப்ப வெச்சிக்கொள்ளுவம்?" என்று இர்ஷாத்தின் மாமாவிடம் கேட்டார்.

கலியாணம் முடிந்த வாரம் காக்காவும் மனைவியும் கடைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளுக்குக் குடிவந்தார்கள். சாமான்களை ஏற்றி இறக்க நானும் போயிருந்தேன். கடைசியாக ஒரு அலுமாரி பழைய வீட்டிலேயே நின்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பிப் போனோம். வீடு பூட்டியிருந்தது, மருமகன் வேலைவிட்டு வரும்வரை வாசலில் நின்றோம். காக்கா ஒரு சாவியைக்கூடத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் எல்லாத் திறப்புகளையும் அவனிடம் கொடுத்திருந்தார்.