அக்ரிமெண்ட் அண்ணேயின் நாலு மணி

பிள்ளைகளே, ஏணி இரவல் கொடுக்க இரண்டு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிய மனிதர் இந்தப் பினாங்குத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அக்ரிமெண்ட் அண்ணே. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு விசேஷ வீடுகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுத்தார். ஒரு தடவை என் மின்விசிறி நின்றுபோய், அவரிடம் ஸ்குரூ டிரைவர் கேட்டேன். "முனை மழுங்கினா யார் பொறுப்பு? எழுது," என்றார். எழுதினேன். சாட்சிக் கையெழுத்துக்கு மேல்மாடி அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் மின்விசிறி தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது.

போன வருஷம் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். கார் நிறுத்தும் இடத்தில் அண்ணேயின் கூடாரம். நம் ஆள்தானே என்று அவர் நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினிலிருந்து மூன்று மணிக்கு வரவேண்டும். மாப்பிள்ளையின் அத்தை ஏற்கெனவே எங்களைப் பொறுப்பில்லாத குடும்பம் என்று சொல்லி, சம்பந்தத்தை ஒரு முறை கலைக்கப் பார்த்தவர். அன்று ஒரு குறை கண்டால் போதும், வேனைத் திருப்பிவிடுவார். எங்களுக்கு அதே பயம். "பாலத்துல ஜேம்லா, இன்னும் அரை மணியாவது ஆகும்," என்று போன் வந்தபோது நாலாக ஐந்து நிமிடம்.

நாலு மணிக்கு அண்ணே ஸ்பேனரோடு வந்து கூடாரத்தின் முதல் காலைக் கழற்றினார்!

பெரியம்மாவின் கையிலிருந்த வடை வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது.

"அண்ணே! என்ன செய்றீங்க?"

"நாலு மணி. தாள்ல இருக்கு. உன் கையெழுத்து."

"மாப்பிள்ளை இன்னும் வரலலா!"

"மாப்பிள்ளையா கையெழுத்துப் போட்டாரு? நீதானே போட்ட."

"நீயெல்லாம் மனுஷனா?" என்று பெரியம்மா கத்தினார். "நியாயம்னு ஒண்ணு வேணாமா?"

"அதான் அக்கா நானும் பாக்குறேன். ஜெலுத்தோங்ல ஒரு வீட்டுல சாவு. அஞ்சு மணிக்குக் கூடாரம் நிக்கும்னு அவங்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கேன். உங்களுக்கு விட்டுக்கொடுத்துட்டு, அவங்க அம்மாவ வெயில்ல போடச் சொல்றீங்களா?"

கால் மணி நேரத்தில் கூடாரம் அவருடைய லாரியில் ஏறி, வேலையாட்களோடு போய்விட்டது. நாற்காலிகள் மட்டும் நின்றன. அவை வேறு தாளில் ஆறு மணிவரையாம்! வெட்ட வெயிலில் தாம்பூலத் தட்டுகள். ஜன்னல் வழியாகப் பார்த்த தங்கை அழுதுவிட்டாள்.

அண்ணே லாரியில் போகவில்லை. வீட்டுக்குள் போய், தன் காரை மூடும் நீலத் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கையில் புதுத் தாள்.

"சும்மா கொடுத்தா சட்டத்துல நிக்காது. பதிலுக்கு ஏதாச்சும் கொடு."

ஒரு லட்டு கொடுத்தேன். அங்கேயே தின்றார். இந்தத் தடவை தாளைப் படித்தேன். முடியும் நேரம் என்ற இடத்தில், 'தட்டு மாற்றி முடியும்வரை' என்று எழுதியிருந்தார். நாலு மணிக்கு ஸ்பேனர் தூக்கிய அதே மனிதர்! என் கண்ணையே நம்ப முடியவில்லை.

தார்ப்பாயின் மூன்று மூலைகளைப் படிக்கட்டுக் கம்பியிலும் மரத்திலும் கட்டினோம். நாலாவது மூலைக்கு ஒன்றும் இல்லை. அண்ணே ஒட்டடைக் கம்பில் அதை மாட்டி, நாற்காலி மேல் ஏறித் தானே பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வந்து, தட்டு மாற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அண்ணே கீழே இறங்கவே இல்லை.

அத்தை அண்ணாந்து பார்த்து, "கம்பப் பிடிச்சுட்டு நிக்கிறாரே, அவரு யாரு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"எங்க மூத்த அண்ணன்."

அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூடத் தப்புக் கண்டுபிடித்துத் திருத்தும் மனிதர், அதைத் திருத்தவில்லை. கம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.