எவர்சில்வர் கேனுக்குள் என் பீர்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் என்னைவிட மோசமாக பீர் காய்ச்சுகிறவன் ஒருவன் இருந்தால் காட்டுங்கள், காலில் விழுகிறேன். ஆனாலும் அந்த வருஷம் சபதம் போட்டேன். எங்கள் பேட்டை பீர் கிளப் போட்டியில் எனக்கே முதல் பரிசு! கிடைக்காவிட்டால் வீட்டுக்கு அடியில் நான் பீர் காய்ச்சும் பேஸ்மென்ட்டை மனைவி மார்லிஸின் தையல் அறைக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன்.

கேட்டதுமே அவள் தையல் மிஷினுக்கு இடம் அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

கண்ணாடி ஜாடியில் புளிக்க வைத்தால் எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லுவாள். "என்ன எல்ராய், குட்டைத் தண்ணி மாதிரி இருக்கு?" அதனால் இந்த முறை சின்னதாக எவர்சில்வர் கேன் ஒன்று வாங்கினேன். உள்ளே இருப்பது வெளியே தெரியாதல்லவா!

"இது என்ன?"

"கேன்."

"அது தெரியுது. வாங்கின கேனையன் யாரு?"

"மார்லிஸ், உள்ள என் கறுப்பு பீர் புளிச்சுக்கிட்டிருக்கு. போட்டி வரைக்கும் நீ மூடியைத் தொடவே கூடாது!"

"எனக்கென்ன தலையெழுத்து? நாத்தம் மாடிக்கு வராம இருந்தாச் சரி."

நிம்மதியாக, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், கேன் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தட்டினேன். 'டங்' என்றது. ருசி பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

போட்டி, தீயணைப்பு நிலையக் கூடத்தில். கேனின் குழாயைத் திறந்தேன். என் கறுப்பு பீர் வெளிர்மஞ்சளாகக் கொட்டியது! புளித்ததில் வெளுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நடுவர் பல் டாக்டர் ஷ்ரோடர். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"முதல் பரிசு! எல்ராய், அந்தக் கொத்தமல்லி வாசனை இருக்கே... விதையை வறுத்தா போட்டீங்க?"

"கொத்தமல்லியா?" என்றேன்.

"வறுக்கலை டாக்டர். லேசா இடிச்சு, கொதி அடங்குறப்போ போட்டேன். கூட ஆரஞ்சுத் தோலும்" என்றாள், என் பின்னால் நின்ற மார்லிஸ்.

அவளை ஓரமாக இழுத்துப் போனேன். "என் பீர் எங்க?"

"நீ ஏரிக்குப் போனதும் வீடு பூரா ஈர சாக்ஸ் நாத்தம். எடுத்துச் சாக்கடையில கொட்டினேன். சாக்கடையே வேணாம்னு எதுக்களிச்சுது. கேன் சும்மா கிடக்கேன்னு நான் ஒண்ணு காய்ச்சி ஊத்தினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். நீ கேனைக் கட்டிப்பிடிச்சு 'என் தங்கமே'ன்னு கொஞ்சிக்கிட்டிருந்தே. மனசு வரலை."

மானம் போனால் போகட்டும், இடமாவது மிஞ்சட்டும் என்று சட்டம் பேசினேன். "பரிசு என் பேருக்குத்தான். பேஸ்மென்ட் எனக்கு!"

"உனக்கேதான், யாரு இல்லைன்னா?" என்று என் தோளைத் தட்டினாள். "தையல் மிஷினை மாடியிலேயே வெச்சுக்கறேன். சனிக்கிழமை இந்த கிளப்காரங்க அத்தனை பேரும் எங்கிட்ட பீர் காய்ச்சக் கத்துக்க வர்றாங்க. உன் பேஸ்மென்ட்டை நீதான் கூட்டித் துடைச்சு வைக்கணும்."

துடைப்பம் எங்கே இருக்கிறது என்பதையும் அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.