ஊசி அண்ணாச்சியும் நாலு விசில் குக்கரும்

உலகத்திலேயே அதிகமாகப் பயப்படுகிற மனிதர் யார் என்று கேட்டால் நான் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். திருவனந்தபுரத்தில் எங்களுக்கு மேலே மாடிப் போர்ஷனில் குடியிருந்த ஊசி அண்ணாச்சிதான். வெயில் அடித்தால் பயம், மழை பெய்தால் பயம், இரண்டும் இல்லாமல் வானம் மூடிக்கொண்டிருந்தால் எது வரப்போகிறதோ என்று பயம். நாலு தெரு தள்ளி வீடு இடித்தால் இவர் இங்கே ஜன்னலைச் சாத்துவார், தூசி வந்துவிடுமாம். சொந்த உடம்பைப் பற்றிய பயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாசம் இருமிக்கொண்டே அலைவார், டாக்டர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். பயமெல்லாம் அவருடைய இசைத்தட்டுகளைப் பற்றித்தான்.

பெரிய இசைத்தட்டு இல்லை. டிபன் தட்டு அளவுக்குச் சின்னது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஒரு காலத்தில் வெளிநாட்டில் புதிதாக வரும் பாப் பாட்டை எல்லாம் இப்படி ஒற்றை ஒற்றையாகத்தான் விற்றார்களாம். கப்பல்காரர்களும் வெளிநாட்டுக்குப் போன நர்சுகளும் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பரணைக் காலி செய்யும்போது அவை பழைய சாமான் வண்டியில் ஏறும். அண்ணாச்சி அங்கிருந்து இறக்குவார். அப்படி இருநூற்றுச் சொச்சம் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றில்கூட ஒரு வரி அவருக்குப் புரியாது. நாகர்கோவில்காரர், தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. புரியாத பாட்டை எதற்கு அண்ணாச்சி கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மழைச் சத்தம் புரிஞ்சிட்டா கேக்குதோம், மக்களே?" என்றார்.

ஊசி என்ற பெயர் வந்த கதை எளிது. வேலைக்குக் கிளம்பும்போது பிளேயரிலிருந்து ஊசியை மட்டும் கழற்றி, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். தான் இல்லாத நேரத்தில் யாராவது புகுந்து பாட்டுப் போட்டுவிட்டால்? கண்ணாடியை எங்கே வைப்பார் என்று கேட்கிறீர்களா? அது கூடு இல்லாமல் அநாதையாகக் கிடந்து மாசத்துக்கு ஒரு தடவை உடையும். நான் கிழக்கேகோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய நிஜப் பெயர் என்ன என்று வீட்டு ஓனர் அம்மாவுக்கே தெரியாது. தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்த அம்மா 'ஊசி அண்ணாச்சி அவர்கள்' என்று எழுதித்தான் கொடுத்தார். அண்ணாச்சியும் மொய்க் கவரில் அதையே எழுதினார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கதை இல்லாத ரெக்கார்டைத் தொட மாட்டார். இதை யார் வாங்கினார்கள், யாருக்காக, ஏன் இப்போது வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அது அவர் கைக்கு வரும். பழைய சாமான்காரரிடம் கதை இருக்காதே. அதனால் அது வந்த வீட்டைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படித்தான் கரமனையில் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், மூத்தவர் யார், பாட்டெல்லாம் பிடிக்குமா என்று விசாரித்திருக்கிறார். அவர்கள் இரண்டு பேர் உள்ளே போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு, சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தார்களாம். மாப்பிள்ளை யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. ஏனென்றால் மாப்பிள்ளை இவரேதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயது மனிதர் ஒரு கையில் ரெக்கார்டும் மறுகையில் ஜாதகமும் போட்டோவுமாக வந்து நின்றார். மறுத்துச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "எப்படிச் சொல்ல? பழம்பொரியத் தின்னுட்டேன்லா" என்றார். அதன்பிறகு ஒரு மாசம் கரமனைப் பக்கம் பஸ் போனால் குனிந்து உட்கார்ந்துகொள்வார்.

பஸ் என்றதும் இன்னொன்று. கல்லாற்றிலிருந்து ஒரு ரெக்கார்டு வாங்கிக்கொண்டு வந்தார். பையில் வைத்தால் நசுங்கும், கையில் வைத்தால் நழுவும் என்று சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பட்டன் போட்டுவிட்டார். குனிய முடியாது, திரும்ப முடியாது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து நின்றவரைப் பார்த்துக் கண்டக்டர், "எந்தா அண்ணா, ஹார்ட்டோ?" என்றிருக்கிறார். அண்ணாச்சிக்குப் பொய் வராது, விளக்கம் சொல்லவும் வராது. தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான், ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள், டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைத் தாலாட்டி இறக்கினார். தம்பானூரில் இரண்டு பேர் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டார்களாம்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரே ஒரு ரெக்கார்டு போடுவார். ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. உறைக்குள் அதன் கதையை எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். முதலில் அதைச் சத்தமாக வாசிப்பார். பிறகு பாட்டு. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தது போல உட்கார்ந்து கேட்பார். மறுநாள் பெட்டியில் அடுத்தது. இருநூற்றுச் சொச்ச நாளில் ஒரு சுற்று. கீழே காய் நறுக்கிக்கொண்டே நானும் கேட்பேன். ஒரு நாள் கேட்காவிட்டால் எனக்கு என்னவோ போல இருக்கும்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஜூன் மாசம் இடவப்பாதி மழை வந்த வேகத்தில் மாடிக் கூரை ஒழுகிவிட்டது. அண்ணாச்சி அக்கா மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். ஓனர் அம்மா தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். பெட்டிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் கீழே எங்கள் வீட்டுக்குச் சுமந்தேன். உறை தனி, சீட்டு தனி, ரெக்கார்டு தனி. மூன்றும் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு செட்டுக்கும் ஒரே நம்பர் எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். கடையில் லென்ஸ் துடைக்கும் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கட்டில், மேசை, டிவி மேல், தையல் மெஷின் மேல் எல்லாம் வட்டம் வட்டமாகக் கறுப்பு. என் வீட்டுக்காரர் உட்கார இடமில்லாமல் வாசற்படியில் காப்பி குடித்தார்.

கடைசியாக ஒன்றே ஒன்றுக்கு இடமில்லை. அடுக்களையில் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் சாய்த்து வைத்தேன். பிறகு பருப்புக்குக் குக்கரை ஏற்றினேன். நான் படித்தவள்தான். ஆனாலும் ஏற்றினேன். ஹாலில் துடைத்துக்கொண்டே நாலு விசில் எண்ணிவிட்டு வந்து பார்த்தால், ரெக்கார்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் எழும்பி நின்றது.

அரிசி டிரம்முக்கு அடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். டிரம் சாய்ந்ததுதான் மிச்சம். அதற்குரிய சீட்டை எடுத்து வாசித்தேன். வாசிக்காமலே இருந்திருக்கலாம். கல்லாறு லீலாம்மா சிஸ்டர். மதுரையில் நர்சாக இருந்தவர். கணவர் கப்பல் வேலை, வருஷத்தில் மூன்று மாசம்தான் வீடு. அவர் கொண்டுவந்த பாட்டு இது, கப்பக் கிழங்கு அவித்துக்கொண்டே கூடவே பாடுவார். அவர் இறந்தபிறகு கேட்கத் தாங்கவில்லை என்று சிஸ்டர் கொடுத்திருக்கிறார். அதற்குக் கீழே அண்ணாச்சி தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்: 'விற்கவில்லை. என்றைக்காவது கேட்க வருவார். அதுவரை நம் பொறுப்பு.'

பஸ்ஸில் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்தாரே, அதே ரெக்கார்டு. சீட்டோடு சேர்த்து என் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்தேன். உறையைக் காலியாகவே பெட்டிக்குள் செருகினேன்.

அண்ணாச்சி வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துக் கண் கலங்கினார். தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம் என் புகழ்தான். கல்யாண வீட்டு முந்திரிக்கொத்தை ஒரு டின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒன்னு போயிருந்தாலும் நான் எழும்பியிருக்க மாட்டேன், கேட்டியா" என்றார். அதைக் கேட்டபிறகு எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தினம் ஐந்து மணிக்கு மாடியில் பாட்டு ஆரம்பிக்கும்போது நான் அடுக்களைக் குழாயைத் திறந்துவிடுவேன். அந்த உறை பெட்டியின் கடைசியில் இருந்தது. அதன் முறை வர ஐந்தாறு மாசம் ஆகும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஐந்தாறு மாசமா? ஒரே வாரத்தில் லீலாம்மா சிஸ்டர் லாட்ஜுக்குப் போன் செய்துவிட்டார். மகளோடு வெளிநாட்டுக்கே போகப் போகிறாராம், இனித் திரும்புவது சந்தேகம்தானாம், போவதற்கு முன் ஒரு தடவை அந்தப் பாட்டைக் கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். அண்ணாச்சி இதை மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, நல்ல காப்பி டம்ளர் இருக்கிறதா என்று என்னிடமே இரவல் கேட்டார். நான் சாலைக் கடைத்தெருவில் பழைய பொருள் விற்கிற கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். அதே ரெக்கார்டு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டால், மொபைலில் இருக்குமே சேச்சி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு சிஸ்டர் வந்தார். எழுபது தாண்டிய, நிமிர்ந்த நடை. அண்ணாச்சி புதுச் சட்டையில் இருந்தார். நான் காப்பித் தட்டோடு மாடிக்குப் போய் நின்றேன். அண்ணாச்சி பெட்டியிலிருந்து உறையை எடுத்தார், உள்ளே விரலை விட்டார். காலி. பக்கத்து உறையைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். பிறகு பெட்டி முழுவதையும் தரையில் இறக்கி ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். "இங்கதான் இருந்தது சிஸ்டர், இங்கதான் இருந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேர்வையில் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த மனிதர் இப்போது விழுந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

காப்பித் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினேன். மழை, அடுப்புப் பலகை, குக்கர், நாலு விசில், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அண்ணாச்சி ரெக்கார்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதன் வளைவைப் பார்த்தார். பிறகு பிளேயரில் வைத்தார். ஊசி ஏறி இறங்கி இரண்டு தடவை வெளியே குதித்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஊசியின் தலைமேல் வைத்தார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பாட்டு வந்தது. ஆனால் அது பாட்டா? ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் மேலே போய் இழுத்து, கீழே போய்க் குழைந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நான் சிஸ்டரைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது தன்னே. அவரு பாடுறது இப்படித்தான் இருக்கும்" என்றார். "ஒரு வரி நேரா நிக்காது. அவரு போனப்புறம் நான் இதைப் போட்டுக் கேட்டப்போ வேற யாரோ நல்லாப் பாடினான். அதான் சகிக்க முடியாம உங்ககிட்ட தந்தேன். இன்னிக்கு அவரே பாடினாரு, கேட்டோ."

இன்னும் இரண்டு தடவை போடச் சொன்னார். தன் வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாச்சி ஒரே நாளில் ஒரு ரெக்கார்டை மூன்று தடவை போட்டார். வளைந்த ரெக்கார்டை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து நேராக்கித் தர முடியும் என்றும் சொல்லிப் பார்த்தார். சிஸ்டர் அதைக் கையில் வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தொடவே கூடாது, இப்படியே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ திரும்பியபிறகு வாசலில் நானும் அண்ணாச்சியும் மட்டும் நின்றோம். இப்போது வரும் திட்டு என்று தலையைக் குனிந்துகொண்டேன். எப்படியோ நல்லபடியாக முடிந்தது என்பதற்காக ஒளித்துவைத்தது சரியாகிவிடுமா? திட்டினால் எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

"எத்தனை நாளு இத உள்ள வச்சிட்டு நடந்த?" என்றார்.

பதினொரு நாள் என்றேன்.

"பதினொரு நாளும் நேரத்துக்குச் சாப்பிட்டியா, மக்களே?"

ஒரே வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற என் வீட்டுக்காரர்கூட என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.