டவுசருக்குப் பூட்டுப் போட்ட கதை

எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் வாழ்க்கையில் தவறுகள் எல்லாம் இரண்டாவது முறை சரிபார்த்த பிறகுதான் நடக்கின்றன.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. அந்த ஜூன் மாதம் மகன் கவின் யூ.கே.ஜி. போனான். வளர்கிற பிள்ளை என்று யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்திருந்தோம். பிள்ளை வளர அவசரப்படவில்லை. ஒரு கையால் டவுசரைப் பிடித்தபடியே பள்ளிக்கூடம் போய்வந்தான். காலைப் பிரார்த்தனையில் இரண்டு கையும் கூப்பச் சொன்னால், கும்பிட்டு முடிப்பதற்குள் டவுசர் முழங்காலுக்கு வந்துவிடும்.

"ஒரு பெல்ட்டு வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது" என்றார் கணவர்.

வாங்கினோம். அவன் அதை வகுப்பில் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். (டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். நான் சாரி என்று இரண்டு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.) டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்திருக்கலாம்தான். ஆனால் எங்கள் கம்பெனிக்கு அப்போதுதான் 3டி பிரின்டர் வந்திருந்தது.

மேலாளரிடம் அனுமதி கேட்டு, சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து வரைந்தேன். டவுசரின் பின்பக்கம் பெல்ட் நுழைக்கும் பட்டிகள் இருக்குமே, அவற்றில் இரண்டை இழுத்துச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கறுப்புக் கிளிப். சுண்டுவிரல் நீளம். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. பெல்ட்டைக் கழற்றியவன் இதையும் கழற்றுவானே என்று கவலை வந்தது.

அந்த வாரம் எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. மெஷினை ரிப்பேர் பார்க்கும்போது சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும், பூட்டியவர்தான் திறக்க வேண்டும், சாவி அவரிடம்தான் இருக்க வேண்டும். டவுசரை மனதில் வைத்தே எழுதிய விதி மாதிரி எனக்குத் தோன்றியது. கிளிப்பில் ஒரு பூட்டு வைத்தேன். அதற்கு ஒரு பிளாஸ்டிக் சாவி. சாவி என் கைப்பையில்.

பத்து கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கிளிப் அசையவில்லை. பாத்ரூம் விஷயத்தை யோசிக்காமல் இல்லை. ஒன்றுக்கு ஜிப் இருக்கிறது. இரண்டாவது காரியம் அவனுக்குத் தினமும் காலை ஆறரைக்கே வீட்டில் முடிந்துவிடும். ஒரு வாரம் நேரம் குறித்து வைத்து உறுதி செய்துகொண்டேன்.

முதல் மூன்று நாள் கவின் இரண்டு கையையும் வீசி நடந்தான். நான்காம் நாள் மாலை, பொதட்டூர்பேட்டையிலிருந்து உறவினர் ஒருவர் ஒரு பை மாம்பழம் கொண்டுவந்தார். நான் குறித்து வைத்த அட்டவணையில் மாம்பழம் இல்லை.

மறுநாள் பத்தரை மணி. வேலை செய்யும் இடத்தில் செல்போன் கூடாது என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்து கம்பெனி கேட்டுக்கே போன் செய்திருக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணன் மைக்கில் அறிவித்தார்:

"குவாலிட்டி மேடம், குவாலிட்டி மேடம். உங்க பையனத் தொறக்கணுமாம். சாவி எடுத்துக்குனு உடனே ஸ்கூலுக்கு வரச் சொல்றாங்கோ."

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கத்தரிக்கோல் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் போகும்போது, கைப்பையில் சாவி இருக்கிறதா என்று ஆறு முறை பார்த்தேன்.

பாத்ரூம் வாசலில் கவின் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். கண் நிறைய நீர். அழவில்லை. அழுதால் பிடி விட்டுவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"டாக்டர் வச்ச சாமானோன்னு பயந்துட்டோம் மேடம். அதான் கை வெக்கல" என்றார் மிஸ்.

"இல்லீங்க மிஸ். நான்தான் வச்சேன்."

மண்டியிட்டுச் சாவியை நுழைத்தேன். அவசரமாகத் திருகினேன். சாவி பாதியாக உடைந்து பூட்டுக்குள்ளேயே நின்றது. (பூட்டுக்குத்தான் அரிசிப் பை கட்டினேன். சாவியின் பலத்தைச் சோதிக்கவில்லை.)

பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்த ஆயாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ, இதுக்கா இத்தினி பேஜாரு? துணியத்தான அறுக்கணும்? பட்டிய வெட்டு, தானா உழுந்துரும். இரு, கத்திரி எடுத்தாறேன்."

அவர் போய்க் கத்தரிக்கோல் எடுத்துவருவதற்குள் நடந்ததை எழுதக்கூடாது என்று கவின் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். அவன் இப்போது நான்காம் வகுப்பு.

கிளிப் மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. வெட்டிய இரண்டு பட்டிகளையும் கவ்வியபடி வீட்டுக்கு வந்தது.

மாமியார் அன்று நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பேரனைக் குளிப்பாட்டி, மோர் கொடுத்துத் தூங்க வைத்தார். அவர் அத்தோடு விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம்" என்றார் மாமியார். "சாவி மருமவகிட்ட கீது. முன்னாடியே கேட்டு வாங்கிக்கோ."

இன்றுவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார். விவரம் தெரியாத சிலர் உண்மையிலேயே சமையலறைக்கு வந்து, தயங்கி நின்று, என்னிடம் கை நீட்டுகிறார்கள்.