நானூற்று இருபத்தைந்து சதவிகிதக் காப்பி

உலகத்தில் உள்ள பொறாமைகளிலேயே மிக அல்பமானது ஷட்டகர் மேல் வரும் பொறாமைதான். (மனைவியின் சகோதரியைக் கட்டியவர் ஷட்டகர். சிலர் சகலை என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் வயிறு ஒரே மாதிரிதான் எரியும்.) அண்ணன் தம்பி மேல் பொறாமைப்பட்டால் சொத்துத் தகராறு என்று ஒரு கௌரவமாவது உண்டு. நான் பொறாமைப்பட்டது அரை டம்ளர் டிகாக்ஷனுக்கு.

என் மாமனார் மயிலாப்பூரில் வக்கீல். அவர் வீட்டில் பித்தளை பில்டரில் முதலில் சொட்டுச் சொட்டாக இறங்கும் கெட்டி டிகாக்ஷனுக்குக் கள்ளிச்சொட்டு என்று பெயர். அது ஒரே ஒருவருக்குத்தான் காணும். மற்றவர்களுக்கெல்லாம் மறுபடி வெந்நீர் விட்டு இறக்கிய இரண்டாவது டிகாக்ஷன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கள்ளிச்சொட்டு எனக்குத்தான், அதுவும் வெள்ளி டம்ளரில். மாமனாரே இரண்டாவதைக் குடித்துக்கொண்டு நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாம்பலத்திலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வாராவாரம் நான் அங்கே போனதற்குக் காரணம் பாசம் என்று என் மனைவி ஜெயம் நம்பியிருந்தாள்.

எனக்கு அந்த வீட்டில் இன்னொரு பெருமையும் இருந்தது. ஜெயத்தின் தங்கை கமலா பள்ளிக்கூடத்தில் கணக்கில் தடுமாறியபோது நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "எந்தக் கணக்கா இருந்தாலும் பயப்படாதே. தெரியாததுக்கு எக்ஸ் போடு, கணக்கு தானா வந்து காலில் விழும்" என்பேன். அவள் பாஸ் செய்தாள். அன்றிலிருந்து நான் அந்த வீட்டின் கணக்குப் புலி. (புலி ஆபீசில் பைல் தூக்கிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.)

பிறகு கமலாவுக்குக் கல்யாணமாகி, தலை தீபாவளிக்கு ராமசேஷன் வந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நல்ல உத்தியோகம். என்னைவிட உயரம். தலைமுடி வேறு அடர்த்தி! அதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேஷ்டி கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். மாமியார் வெள்ளி டம்ளருடன் வந்தார். நான் கையை நீட்டினேன். டம்ளர் என் கையைத் தாண்டிப் போயிற்று.

தலை தீபாவளி, புது மாப்பிள்ளைக்குத்தான் முதல் மரியாதை என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டேன். எனக்கு வந்தது பித்தளை டம்ளர். உள்ளே இரண்டாவது டிகாக்ஷன்.

ராமசேஷன் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "பேஷ்! சிக்கரி நூத்துக்கு இருபதுக்கு மேல போகலை. அதான் இந்த மணம்" என்றார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் பூரித்துப் போனார். "ஒரு பங்கு சிக்கரிக்கு நாலு பங்கு காப்பிதான் கலக்கறேன். மாப்பிள்ளை நாக்காலேயே கண்டுபிடிச்சுட்டாரே!"

இத்தனை நாளும் அந்தக் காப்பியைக் குடித்த என் நாக்கை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. என் வயிற்றில் எரிந்தது சிக்கரி இல்லை.

"கொஞ்சம் இருங்கோ" என்றேன். "ஒண்ணுக்கு நாலுன்னா இருபத்தஞ்சு பெர்சென்ட் இல்லையோ? நாக்கு அஞ்சு பெர்சென்ட் சறுக்கிடுத்தே!"

"இருபதுதான் வரும்னு நினைக்கறேன்" என்றார் ராமசேஷன், பணிவாக. அந்தப் பணிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன்னா, சும்மா இருங்கோளேன்" என்றாள் ஜெயம்.

சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரை ஏது? "என் கணக்கு சரின்னா கள்ளிச்சொட்டு எனக்கு. தப்புன்னா, ஆயுசுக்கும் எனக்கு ரெண்டாவது டிகாக்ஷன் போதும்" என்று கூடமே அதிரச் சொன்னேன்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, சாட்சியோட சொல்லியிருக்கேள்" என்றார்.

ஓரமாக, கமலா கோலம் போட்டு மிச்சமிருந்த அரிசிமாவுக் கிண்ணம் இருந்தது. விரலை மாவில் தோய்த்து, கோலத்துக்குப் பக்கத்திலேயே செங்காவி போட்ட தரையில் கொட்டை கொட்டையாக எழுதினேன். சிக்கரி x. காப்பி 4x. சிக்கரியைக் காப்பியால் வகுத்து நூறால் பெருக்கு. x-க்கு x அடிபட்டுப் போச்சு. நூறில் கால், இருபத்தைந்து. எழுதி முடித்துவிட்டு ராமசேஷனை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

கமலா வந்து தரையைக் குனிந்து பார்த்தாள். "அத்திம்பேர், விடை வந்தா கூட்டிப் பாக்கணும், எல்லாம் சேர்ந்து நூறு வரணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தேள்? காப்பி எத்தனைன்னும் போடுங்கோளேன்."

நல்ல சிஷ்யை என்று நினைத்தேன். அதே சூத்திரம், அதே வேகம். காப்பியைச் சிக்கரியால் வகுத்தேன். 4x-க்குக் கீழே x. இந்த இடத்திலாவது மூளை விழித்துக்கொண்டிருக்கலாம். வெள்ளி டம்ளர் கண்ணை மறைத்தது. "காப்பி நானூறு! சிக்கரி இருபத்தஞ்சு! ஆகக் கூடி நானூத்தி இருபத்தஞ்சு பெர்சென்ட்!" என்று வெற்றி முழக்கம் செய்தேன்.

வெளியே யாரோ விட்ட சரவெடி வெடித்து ஓய்ந்தது.

"நூறு டம்ளர் கலந்தா நானூத்தி இருபத்தஞ்சு டம்ளர் வருமா?" என்று மாமனார் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். "அப்படின்னா மாசாமாசம் நான் எதுக்குக் காப்பிக்கொட்டை வாங்கறேன்?"

மாமியார் கதவுக்குப் பின்னால் சிரித்த சிரிப்பில் கதவே ஆடியது. கமலா மாவைத் தொட்டு என் எழுத்துக்குக் கீழே அழகாக எழுதினாள்: ஒரு x, நாலு x, ஆக 5x = 100. x = 20. "எதையும் மொத்தத்தால வகுக்கணும் அத்திம்பேர், பக்கத்தில இருக்கறதால இல்லை." ராமசேஷன் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதோடு விட்டதா? ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று போனேன். "நல்ல நாளும் அதுவுமா இழைச்ச மாவை அழிக்கப்படாது" என்று மாமியார் தடுத்துவிட்டார். மாவு காய்ந்து பளீரென்று வெளுத்தது. அன்றைக்கு "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டு வந்த அத்தனை பேரும், "இதென்ன புதுக் கோலம்?" என்றும் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் மாமனார் ஆதியிலிருந்து விளக்கினார். மானம் கப்பலேறிப் போவதைக் கூடத்தில் உட்கார்ந்து, கையில் பட்சணத் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஜட்காக்காரன் என் முகத்தைப் பார்த்து, "இன்னா சாமி, தீவாளியும் அதுவுமா மூஞ்சி இப்டி கீது? வயிறு செரியில்லியா?" என்றான்.

"வயிறு நன்னாத்தான் இருக்கு. கணக்குதான் சரியில்லை" என்றாள் ஜெயம். கதையையும் சொன்னாள். மாம்பலம் வரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

மாமனார் வக்கீல் அல்லவா, சாட்சியோடு சொன்னதைக் கடைசிவரை விடவில்லை. அடுத்த வாரமே வெள்ளி டம்ளர் ராமசேஷனுடையதாகிவிட்டது. அவர் ஊரில் இல்லாத நாளில்கூடக் கள்ளிச்சொட்டு எனக்கு வரவில்லை. மாமனார் "கோர்ட் உத்தரவு" என்று சொல்லிவிட்டுத் தாமே குடித்தார்.

நானும் பொறுமையாகக் காத்திருந்தேன். என் பெண்ணுக்குக் கல்யாணமாயிற்று. தலை தீபாவளி என் வீட்டில், என் பில்டர், என் காப்பிப்பொடி. இங்கே எந்த உத்தரவும் செல்லாது என்று நினைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெயம் வெள்ளி டம்ளருடன் வந்தாள். வழக்கம்போல டம்ளர் என்னைத் தாண்டிப் புது மாப்பிள்ளையிடம் போயிற்று.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பிரமாதம் மாமா! சிக்கரி எவ்வளவு?" என்றார்.

"ஒண்ணுக்கு நாலு" என்று ஜெயம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருபது பெர்சென்ட்" என்றேன், மெதுவாக.

"கூட்டிப் பாத்தேளாப்பா?" என்றாள் என் பெண்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. என் பெண் முழுக் கதையையும் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் டம்ளர் சாய்ந்து, கள்ளிச்சொட்டு கொஞ்சம் தரையில் சிந்தியது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பொறாமை நூற்றுக்கு நூறு. கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.